சிறுபறை பிறந்த கதை

நற்றிணையின் 58-ஆம் பாட்டில் ஒரு குழந்தையின் பறை இருக்கிறது. பாடியவர் முதுகூற்றனார். காதலன் தேரேறி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறான். தோழிக்கு அவன்மேல் கோபமில்லை. அவனை இழுத்துக்கொண்டு போகும் குதிரைகள்மேல்தான் கோபம். அடிபட்டுப் போகட்டும் இந்தக் குதிரைகள் என்று சபிக்கிறாள். எப்படி அடிபட வேண்டும் என்று சொல்ல அவள் எடுக்கும் உவமையில்தான் அந்தப் பறை வருகிறது. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் சின்னத் தோளில் மாட்டிக்கொண்டிருக்கும் பறை அது. அதன் கண்ணில், அதாவது அடி விழும் தோற்பரப்பில், ஒரு குருவி வரையப்பட்டிருக்கிறது. பிள்ளை கோலெடுத்து அடிக்கும் அடியெல்லாம் அந்தக் குருவியின்மேல் விழுகிறது.

ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய நாலைந்து அடிகளில் ஒரு வாத்தியத்தின் முழு விவரமும் கிடைத்துவிடுகிறது. தோளில் மாட்ட வார் உண்டு. ஆகவே பிள்ளையின் இரண்டு கைகளும் விடுதலையாக இருக்கின்றன. மாட்டிக்கொண்டு நடக்கிற அளவுக்குத்தான் எடை. கையால் அறைவதில்லை, கோல் இருக்கிறது. நடுவில் குருவிச் சித்திரம். அதை வெறும் அலங்காரம் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. மூன்று வயதுப் பிள்ளையிடம் நடுவில் அடி என்று சொல்லிப் பாருங்கள். குச்சி வளையத்தில் போய் இடிக்கும். குருவியை அடி என்று சொன்னால் குச்சி தானே நடுவுக்கு வந்துவிடும். பிள்ளைகளோடு பழகிய யாரோ ஒருவர் அந்தக் குருவியை வரைந்திருக்கிறார். இன்னொரு அழகும் அந்தப் பாட்டில் உண்டு. அதே பாட்டின் பிற்பகுதியில் வேளிர் தலைவன் ஒருவனின் முரசும், அதன்முன் மாலையில் ஏற்றி வைக்கும் விளக்கும் வருகின்றன. பிள்ளையின் பறையும் தலைவனின் முரசும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

ஆவடிப் பக்கத்து எங்கள் கோவில்பதாகையில் மார்கழிக் கடைசியில் இந்தப் பறை திரும்பி வரும். எங்கள் பக்கத்துக் கடை வாசல்களிலும், ஆவடி மார்க்கெட்டை ஒட்டிய நடைபாதைகளிலும் போகி மேளங்கள் கயிற்றில் கோத்துத் தொங்கும். வளையம் ஒன்று, அதன்மேல் இழுத்து ஒட்டிக் காயவைத்த தோல், கூடவே ஒரு குச்சி, இவ்வளவுதான் அது. போகியன்று இருட்டோடு எழுந்து பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள். பழைய பாயும் துடைப்பமும் எரியும் நெருப்பைச் சுற்றிக் கொட்டு விழும். இரவுப் பனியில் தோல் தொய்ந்திருந்தால் மேளம் தொப்பென்று சொத்தையாகக் கேட்கும். உடனே ஒரு பையன் அதை நெருப்புக்கு நேரே பிடித்துக் காட்டுவான். கொஞ்ச நேரத்தில் தோல் விறைத்து டண்டண் என்று கணீரென ஒலிக்கும். தோலில் ஏறிய ஈரம் சூட்டில் வெளியேறுகிறது, தோல் சுருங்கி இறுகுகிறது, இறுக இறுகச் சுருதி மேலே போகிறது. பறை அடிக்கும் கலைஞர்கள் வைக்கோல் கொளுத்திச் செய்வதும் இதைத்தான். ஆறு வயதுப் பிள்ளைக்கு இதை யாரும் பாடமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. காது கேட்கிறது, கை செய்கிறது.

பொங்கல் கழிந்தால் மேளத்தின் கதையும் முடிந்துவிடுகிறது. பரணுக்குப் போகும், அல்லது குப்பைக்குப் போகும். பள்ளி திறந்ததும் அதே பிள்ளை எல்கேஜி வகுப்பின் இசை நேரத்தில் பிளாஸ்டிக் டிரம் ஒன்றின் முன்னால் உட்காரும். அல்லது கீபோர்டில் டீச்சர் ஒரு பொத்தானை அழுத்த, அது தானாகவே தாளம் போட, பிள்ளைகள் கைதட்டுவார்கள். சின்னக் குழந்தைகளுக்கு முதல் தாளவாத்தியமாக எதை வாங்கலாம் என்று பள்ளிக்காரர்களும் பெற்றோரும் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. குழந்தைக்கென்றே ஒரு பறையை உண்டாக்கி, எந்த வயதில் அதைக் கையில் கொடுப்பது என்பதுவரை எழுதி வைத்த மொழி இது.

எழுதி வைத்தது பிள்ளைத்தமிழில். பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிச் சப்பாணி கொட்டச் சொல்லிப் பாடினார். பிறகு 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மீது தனி நூலாகவே ஒரு பிள்ளைத்தமிழ் செய்தார். அந்த வகை நூலில் ஆண் குழந்தைக்குப் பத்துப் பருவங்கள்: காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர். எந்தப் பருவம் எந்த மாதத்தில் என்பதற்குப் பாட்டியல் நூல்களில் கணக்கு உண்டு. நூலுக்கு நூல் அது மாறும். ஒற்றைப்படை மாதங்களாக அடுக்கிச் செல்லும் கணக்கில் செங்கீரை 5-ஆம் மாதம், தால் 7, சப்பாணி 9, முத்தம் 11, வருகை 13, அம்புலி 15, சிற்றில் 17, சிறுபறை 19, சிறுதேர் 21.

இதைப் புலவர்களின் மரபுக் கணக்கு என்று தாண்டிப் போய்விடாமல் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஐந்தாம் மாதத்தில் குழந்தை கையூன்றித் தலையை நிமிர்த்தி உடம்பை ஆட்டுகிறது. ஏழாம் மாதத்தில் தாய் பாடுகிறாள், தொட்டில் ஆடுகிறது. ஒன்பதாம் மாதத்தில் குழந்தையே கைகொட்டுகிறது. பதின்மூன்றில் தளர்நடை. பத்தொன்பதில்தான் பறை. சப்பாணிக்கும் சிறுபறைக்கும் இடையில் பத்து மாதம் இருக்கிறது. அந்தப் பத்து மாதத்துக்குள் குழந்தை நடந்துவிடுகிறது. முதலில் உடம்பு, பிறகு கேட்கும் பாட்டு, பிறகு வெறுங்கை, பிறகு நடை, அதன் பிறகே வாத்தியம்.

ஆய்வுக்கூடங்கள் இந்த நூற்றாண்டில் கண்டவை இந்த வரிசைக்கு அருகில் வந்து நிற்கின்றன. 2009-இல் வெளியான ஒரு புடாபெஸ்ட் ஆய்வில், பிறந்து சில நாளே ஆன குழந்தைகள் தூங்கும்போது ஒரு தாளத்தை ஒலிக்கவிட்டு, இடையே முதல் அடியை மட்டும் விட்டுப் பார்த்தார்கள். தூங்கும் குழந்தையின் மூளை அந்த விடுபட்ட அடியைக் கவனித்தது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்து 2005-இல் வெளியிட்ட சோதனை இன்னும் நெருக்கமானது. ஏழு மாதக் குழந்தைகளுக்கு, எந்த அடியிலும் அழுத்தம் இல்லாத ஒரே தாளத்தைக் கேட்க வைத்தார்கள். கேட்கும்போதே சில குழந்தைகளை இரண்டு அடிக்கு ஒரு முறையும், சில குழந்தைகளை மூன்று அடிக்கு ஒரு முறையும் தூக்கித் தூக்கி ஆட்டினார்கள். பிறகு எந்தத் தாளம் பிடிக்கிறது என்று பார்த்தால், இரண்டில் ஆடியவை இரண்டையும், மூன்றில் ஆடியவை மூன்றையும் விரும்பிக் கேட்டன. ஏழாம் மாதம், தாலாட்டின் மாதம். ஆட்டிய கை எந்தக் கணக்கில் ஆட்டியதோ அந்தக் கணக்கு குழந்தையின் காதுக்குள் இறங்கிவிடுகிறது.

ஆகவே ஆறு மாதக் குழந்தைக்கு டிரம் செட் வாங்க வேண்டியதில்லை. ஒரு கிலுகிலுப்பை போதும். பனையோலையில் முடைந்து உள்ளே நாலு கல்லோ விதையோ போட்ட கிலுகிலுப்பை இன்னும் கிடைக்கிறது. எடையே இல்லை, ஒலியும் மெல்லியது. மூடியிருக்கும் முடைச்சல் அவிழாமல் இருக்கிறதா என்று மட்டும் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும், உள்ளே இருப்பது வாய்க்குப் போய்விடக் கூடாது. ஹரப்பா நாகரிக இடங்களில் சுட்ட மண் கிலுகிலுப்பைகள் கிடைத்திருக்கின்றன; உள்ளே மண் உருண்டைகள். பிள்ளைக்கு ஒலி கொடுக்கும் பழக்கம் அவ்வளவு பழையது.

சிறுபறைக்குத் திரும்புகிறேன். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் முப்பதுக்கும் மேற்பட்ட தோற்கருவிகளின் பெயரை அடுக்குகிறார். பேரிகை, படகம், இடக்கை, உடுக்கை, மத்தளம் என்று போகும் அந்தப் பட்டியலில் சிறுபறை தனியாக நிற்கிறது. பெரும்பறை கடைசியில் வருகிறது. பொம்மைக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைத்திருக்காது. சிறிய பறையையும் கருவி என்று மதித்துத்தான் அவர் எண்ணியிருக்க வேண்டும். என் வாதமெல்லாம் இதில்தான் நிற்கிறது: குழந்தைக்குக் கொடுப்பது அளவில் சின்னதாக இருக்கட்டும், ஒலியில் உண்மையானதாக இருக்கட்டும்.

பிள்ளைத்தமிழில் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் இரண்டு பிள்ளைத்தமிழ்கள் பாடினார். வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமாரசுவாமியின் கையில் பறை இருக்கிறது. மதுரை மீனாட்சியின் கையில் இல்லை. பெண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும் போய், அம்மானையும் நீராடலும் ஊசலும் வந்துவிடும். ஒரே புலவர்தான், இரண்டும் தெய்வக் குழந்தைகள்தான். ஆனாலும் பெண் குழந்தைக்குப் பறை கிடையாது. இந்த வழக்கத்தைக் கச்சேரி மேடையில் உடைத்தவர்களில் முதன்மையானவர் புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தைச் சேர்ந்த ரங்கநாயகி அம்மாள். 1910-இல் பிறந்தவர். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் மிருதங்கம் கற்று மேடை ஏறினார். இன்றும் மழலையர் வகுப்பில் மேளத்தைப் பையன்களிடமும் சலங்கையைப் பெண் பிள்ளைகளிடமும் நீட்டும் கையைப் பார்க்கிறேன். அந்தக் கை தெரியாமல்தான் நீட்டுகிறது. இருந்தாலும் மாற வேண்டும்.

அதைவிட வலிக்கும் விஷயம் ஒன்று உண்டு. தோலைப் பதப்படுத்தி, வளையத்தில் இழுத்து, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, பறை செய்தவர்களையும் அடித்தவர்களையும் இந்தச் சமூகம் ஊருக்கு வெளியே நிறுத்தியது. முருகனின் கையில் சிறுபறையைக் கொடுத்துப் பாடக் கூசாத நாடு, அந்தப் பறையைச் செய்த கையைத் தொடக் கூசியது. சாவு வீட்டு வாத்தியம் என்ற பெயர் பறைக்கு விழுந்தது. பள்ளி ஆண்டு விழாவில் அதை ஏற்ற மாட்டோம் என்று தலைமுறை தலைமுறையாக ஒரு தயக்கம் தங்கிவிட்டது. பிளாஸ்டிக் டிரம் நம் வகுப்பறைக்குள் இவ்வளவு சுலபமாக நுழைந்ததற்கு மலிவு மட்டும் காரணம் அல்ல என்றே நான் நம்புகிறேன். தோலும் இல்லை, செய்த ஆளும் இல்லை. யாரைப் பற்றியும் நினைக்காமல் வாங்கலாம்.

நிலைமை இப்போது மாறுகிறது. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையோடு ஆடுகிறார்கள். சென்னையில் புத்தர் கலைக்குழு பறையைக் கற்றுக்கொடுக்கிறது. மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்காவில் தமிழ்ப் பிள்ளைகள் பறை கட்டிக்கொண்டு மேடையேறுகிறார்கள். பறை கல்லூரி மாணவர் வரை வந்துவிட்டது. மழலையர் வகுப்புக்குத்தான் இன்னும் வரவில்லை.

மழலையர் வகுப்புக்கு என்று தாளக் கருவிகளின் தொகுதி ஒன்று உலகத்தில் பிறந்த கதையையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இன்று பெரிய பள்ளிகள் பெட்டி பெட்டியாக வாங்கும் சின்ன டிரம், சைலோஃபோன், மணி, முக்கோணக் கம்பி எல்லாவற்றுக்கும் வேர் ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருக்கிறது. 1924-இல் டோரத்தே குந்தரும் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபும் அங்கே இசையையும் உடலசைவையும் சேர்த்துக் கற்பிக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். குனில்ட் கீட்மன் என்ற மாணவி பின்னர் ஓர்ஃபின் பணித்துணையாகவே ஆனார். ஆப்பிரிக்க சைலோஃபோன் ஒன்றைப் பார்த்து வியந்த ஓர்ஃப், கார்ல் மேண்ட்லர் என்ற வாத்தியக் கைவினைஞரைக் கொண்டு சிறிய சைலோஃபோன்களைச் செய்வித்தார். அந்தப் பள்ளி போரில் அழிந்தது. 1948-இல் பவேரிய வானொலியில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சியாக அதன் கற்பிக்கும் முறை மறுபடி உயிர் பெற்றது. 1949-இல் அந்தக் கருவிகளைச் செய்யவே ஸ்டுடியோ 49 என்ற பட்டறை பிறந்தது. ஓர்ஃபின் சைலோஃபோனில் கட்டைகளைக் கழற்றி மாட்டலாம். வேண்டாத சுரங்களை ஆசிரியர் கழற்றி வைத்துவிட்டால், பிள்ளை எதை அடித்தாலும் பாட்டோடு ஒட்டும். இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் பின்பற்றிய வரிசை. முதலில் பேச்சு, பிள்ளைகளின் சொற்களும் பெயர்களும், பிறகு கைதட்டல், கால் தட்டல், பிறகே கருவி. சப்பாணி முன்னே, சிறுபறை பின்னே.

நம் ஊர்ப் பக்கமும் ஒரு பெரிய ஆசிரியர் வந்தார். 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு மரியா மாண்டிசோரி வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். போர்க்காலம் முழுக்க இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. குழந்தைக்குப் போலிப் பொருளைக் கொடுக்காதே, உண்மைப் பொருளை அதன் கைக்கேற்ற அளவில் கொடு என்பது அவருடைய முறையின் அடிப்படை. குழந்தையின் குவளை கண்ணாடியாகவே இருக்கும், சின்னதாக இருக்கும். அந்த அளவுகோலால் அளந்தால் போகி மேளம் தேறும், பிளாஸ்டிக் டிரம் தேறாது. பிளாஸ்டிக்கில் மெல்ல அடித்தாலும் ஓங்கி அடித்தாலும், நடுவில் அடித்தாலும் ஓரத்தில் அடித்தாலும் கிட்டத்தட்ட ஒரே சத்தம்தான். பிள்ளை வேறுபாட்டைத் தேடி இன்னும் ஓங்கி அடிக்கும். டீச்சருக்குத் தலைவலிதான் மிச்சம். தோலில் நடுவுக்கு ஒரு குரல், ஓரத்துக்கு ஒரு குரல், விரலுக்கு ஒன்று, உள்ளங்கைக்கு ஒன்று. பிள்ளை தானாகவே அடியைக் குறைத்துக் கேட்கத் தொடங்குகிறது.

இனி வாங்குகிறவர்களுக்குச் சில சொற்கள். வகுப்பில் இருபது பிள்ளைகள் என்றால் இருபது மேளம் வேண்டாம். ஐந்தாறு போதும். மற்றப் பிள்ளைகளுக்குக் கோலாட்டக் குச்சி, கொட்டாங்கச்சி ஜோடி, கால்சலங்கை, கிலுகிலுப்பை கொடுத்து, முறை வைத்து மாற்றிக்கொள்ளலாம். முறைக்காகக் காத்திருக்கும்போதுதான் பிள்ளை அடுத்தவரின் அடியைக் கேட்கிறது. ஜால்ரா மழலையர் வகுப்புக்கு வேண்டாம் என்பது என் கருத்து. சிறிய அறையில் இருபது ஜோடிக் காதுகளுக்கு அதன் ஒலி மிகக் கூர்மை, விரலும் நசுங்கும். கடம் அருமையான வாத்தியம், மானாமதுரை மண்ணின் பெருமை. ஆனால் மடியில் வைத்துத் தாங்க உடம்பு வளர வேண்டும். மிருதங்கத்தைப் பெரியவர்களே உறையில் போட்டுத் தோளில் சுமக்கிறார்கள். அதற்கு அவசரம் வேண்டாம்.

மேளம் எடுக்கும்போது வளையத்தின் ஓரத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள்; சிலாம்போ ஆணித்தலையோ இருக்கக் கூடாது. சாயம் பூசியிருந்தால் ஈரத் துணியால் துடைத்துப் பார்த்து, நிறம் ஒட்டினால் அங்கேயே வைத்துவிடுங்கள். குச்சி பிள்ளையின் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை உள்ள நீளத்தைத் தாண்ட வேண்டாம். மூடிய கைக்குள் நிறையும் பருமன் வேண்டும். நுனி உருண்டையாக இருக்க வேண்டும். மெல்லிய சிம்புக் குச்சி பெரியவர்களின் பறைக்கு. பிள்ளைக்கு அடிக்குச்சி ஒன்றே போதும். குச்சியோடு ஓடக் கூடாது என்ற ஒரே ஒரு விதியை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளலாம். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகள் 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரையோடுதான் விற்கப்பட வேண்டும் என்பது சட்டம். கடையில் வாங்கும் டிரம்முக்கு அதைப் பாருங்கள். பதிவு செய்த கைவினைஞர் செய்யும் பொருளுக்கு விலக்கு உண்டு. அங்கே நம் கையும் கண்ணும்தான் சோதனை.

திருவிழாக் கடைகளில் இன்னொரு பொருள் உண்டு. சின்ன மண்கிண்ணத்தின் வாயில் காகிதம் ஒட்டி, இரண்டு சக்கரத்தின்மேல் வைத்து, கயிறு கட்டி இழுத்தால் இரண்டு குச்சிகள் டமடமவென்று அடிக்கும் வண்டி. சிறுபறையும் சிறுதேரும் ஒரே பொம்மையில் கூடி வந்தது போல இருக்கும். வேகமாக இழுத்தால் தாளம் வேகமாகும், நின்றால் நிற்கும். நடக்கப் பழகிய குழந்தைக்கு இதைவிட நல்ல தாளப்பாடம் கிடையாது. காகிதம் கிழிந்தால் வீட்டிலேயே ஒட்டலாம்.

கருவி வாங்கிவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. யாரோடு சேர்ந்து அடிப்பது என்பது மறுபாதி. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. இரண்டரை முதல் நாலரை வயதுப் பிள்ளைகளிடம் ஒரு மேளத்தைக் கொடுத்தார்கள். கூடவே மேளம் அடித்தது ஒரு முறை எதிரே உட்கார்ந்த மனிதர், ஒரு முறை இயந்திரம், ஒரு முறை ஒலிபெருக்கி. மனிதரோடு அடித்தபோதுதான் பிள்ளைகள் தாளத்தில் நன்றாகச் சேர்ந்தார்கள். கீபோர்டின் பொத்தானை அழுத்திவிட்டுத் தள்ளி நிற்கும் டீச்சர்களுக்கு இதை நான் சொல்ல விரும்புகிறேன்: உங்கள் கைதான் அந்த வகுப்பின் முதல் வாத்தியம். நிதானமாக அடிப்பது பிள்ளைக்குச் சுலபம் என்று நினைத்து மெல்ல அடிக்கவும் வேண்டாம். சின்னப் பிள்ளையின் இயல்பான நடை வேகமானது. அதன் வேகத்துக்கு நீங்கள் போய், அங்கிருந்து மெல்லக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

சொல்லுக்கு எங்கும் போக வேண்டாம். வெண்டைக்காய் என்று மூன்று தட்டாகச் சொன்னால் அது தகிட. கத்தரிக்காய் என்று நாலு தட்டாகச் சொன்னால் தகதிமி. வெண்டைக்காய் கத்தரிக்காய், வெண்டைக்காய் கத்தரிக்காய் என்று விடாமல் சொல்லிக்கொண்டே தட்டினால் பெரியவர்களே தடுமாறும் மிஸ்ர சாபு, ஏழு அட்சரம். நாலு வயதுப் பிள்ளைகள் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆவடி வட்டாரத்தில் இதற்கு இன்னொரு பயன் உண்டு. டாங்கித் தொழிற்சாலை, விமானப்படை, ரிசர்வ் போலீஸ் என்று நாடு முழுவதிலுமிருந்து குடும்பங்கள் வந்து சேரும் இடம் இது. மழலையர் வகுப்பில் தெலுங்கும் இந்தியும் மலையாளமும் ஒடியாவும் பேசும் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் தட்டில் போடலாம். எந்த மொழிப் பெயருக்கும் மேளத்தில் இடம் உண்டு.

ஏழெட்டு வயதில் விரல்கள் தனித்தனியாகப் பேசத் தொடங்கும்போது கஞ்சிரா கொடுக்கலாம். அதுவும் தமிழ்நாட்டில் வளர்ந்த பிள்ளைதான். பஜனையில் கொட்டிக்கொண்டிருந்த சிறு வாத்தியத்தைக் கச்சேரி வாத்தியமாக உயர்த்தியவர் புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை. பலாமர வளையம், அதில் ஒரே இடத்தில் சலங்கைத் தட்டுகள், ஒரு கையில் பிடித்து மறு கையால் வாசிப்பது. அவ்வளவு எளிய உருவத்துக்குள் மிருதங்கத்தோடு சரிசமமாக உரையாடும் கணக்கை அவர் அடக்கினார். உடும்புத் தோலில்தான் கஞ்சிரா பேசும் என்பது பழைய நம்பிக்கை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்புக்குக் காவல் வந்துவிட்டது. ஆட்டுத் தோலிலும் செயற்கைத் தோலிலும் செய்த கஞ்சிராக்கள் கிடைக்கின்றன. பிள்ளைக்கு அவைதான் சரி. வாசிக்கும் முன் உட்பக்கம் கொஞ்சம் நீர் தடவினால் தோல் தளர்ந்து குரல் தாழும். போகி நெருப்பில் மேளத்தைக் காய்ச்சிய பிள்ளைக்கு இந்த நீரின் வேலை சொல்லாமலே புரியும்.

அரசின் மாவட்ட இசைப் பள்ளிகளில் சேர 12 வயது ஆக வேண்டும். ஐந்து வயது முதல் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. ஐந்துக்குக் கீழே அங்கன்வாடியும் மழலையர் வகுப்பும்தான். தாளம் உடம்பில் ஊறும் வயது அதுதான். அங்கேதான் வாத்தியம் இல்லை. ஓர் அங்கன்வாடிக்கு ஐந்து மேளமும் கொஞ்சம் கோலாட்டக் குச்சியும் வாங்கப் பெருந்தொகை ஆகாது. ஊர்க்காரர்கள் நாலு பேர் மனம் வைத்தால் போதும்.

போகி மேளம் செய்பவர்களுக்கு வியாபாரம் ஆண்டில் சில நாட்கள்தான். மிச்ச நாட்களில் வேறு கூலி வேலை. வரும் மார்கழியில் மேளம் வாங்கும்போது செய்தவரைத் தேடிப் பிடித்து, அவர் பெயரைக் கேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தோல் கிழிந்தால் மறுபடி போட்டுத் தருவாரா, வார் கட்டித் தோளில் மாட்டும்படி செய்து தருவாரா, வளையத்தைக் கொஞ்சம் உறுதியாக மரத்தில் செய்தால் என்ன விலை ஆகும் என்று கேளுங்கள். பேரம் பேசாமல் கொடுங்கள். பள்ளிகள் பங்குனியிலேயே சொல்லி வைத்துவிட்டால் நல்லது. சித்திரை வெயிலில் தோல் நன்றாகக் காயும். ஜூனில் பள்ளி திறக்கும்போது பறைகள் தயாராக இருக்கும்.